கைபேசிப் பஞ்சாங்கம்

ஒரு காரியத்தைத் துவக்குமுன் பஞ்சாங்கம் புரட்டும் வழக்கத்தை நாம் வெகுகாலமாய்க் கண்டித்து வருகிறோம். பகல் 12 மணி நேரத்தில் ராகு காலம் 1½ மணி, எமகண்டம் 1½ மணி. ஆக 3 மணி, அதாவது கால் பங்குப் பகல் இவ்விரண்டுக்கு மாத்திரமே பாழாகிறது. குளிகை, சூலம், கரிநாள் இவைகளையும் சேர்த்தால் மீதி என்ன என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக் கொள்ளட்டும்.

நிற்க, பஞ்சாங்கத்தை விட்டொழித்த படித்த வாலிபர்கள் பலர் இன்று வேறொரு பஞ்சாங்கத்தைக் கைபேசிக்குள் வைத்திருக்கிறார்கள். வேலைக்கு ஒரு ஜாபிதா, ஜாபிதாவுக்கு ஒரு தலைப்பு, தலைப்புக்கு ஒரு நிறம், எல்லாவற்றுக்கும் ஒரு செயலி! இவைகளைச் சீர்படுத்தி முடிப்பதற்குள் உச்சிப்பொழுதாகிவிடுகிறது; வேலையோ வைத்த இடத்திலேயே இருக்கிறது. கேட்டால், "முறை இன்னும் சரிப்படவில்லை" என்கிறார்கள். பூசை பலிக்காவிட்டால் மந்திரத்தில் பிழை என்று புரோகிதன் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

முறையே கூடாதென்று நாம் சொல்லவில்லை. 1980-களின் பிற்பகுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர், படிப்பில் மனம் ஊன்றாமல் தவித்தபோது, தக்காளி உருவிலிருந்த சமையலறைக் கடிகாரமொன்றை முடுக்கி வைத்து, அது மணியடிக்கும் வரை படித்தார். அதுவே பின்னால் 25 நிமிஷ வேலை, 5 நிமிஷ ஓய்வு என்ற முறையாயிற்று. அங்கே கருவி வேலைக்கு அடங்கியிருந்தது. ஆதலால் அதில் அறிவு இருந்தது. இன்று அந்தத் தக்காளிக்கே எத்தனையோ செயலிகள். சிலவற்றுக்கு மாதச் சந்தா வேறு! எளிய காரியம் எங்கே சிக்கலாக்கப்படுகிறதோ, அங்கே நடுவில் ஒரு தரகனுக்குப் பிழைப்பு இருக்கிறதென்று அறிய வேண்டும்.

இதைவிடப் பெரிய கெடுதி ஒன்றுண்டு. இரண்டாள் வேலையை ஒருவன் தலையில் முதலாளி சுமத்தினால், அவன் முதலாளியைக் கேட்காமல், "என் ஜாபிதா சரியில்லை" என்று தன்னையே நொந்து கொள்கிறான். முன்பு தலைவிதி செய்த வேலையை இப்போது செயலி செய்கிறது. 1919-ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் முதல் ஒப்பந்தம் தொழிற்சாலை வேலையை நாளொன்றுக்கு 8 மணி என்று வரையறுத்தது. தொழிலாளர்கள் குறிப்பேட்டை அழகாக வைத்திருந்ததாலா அது வந்தது? கேட்டுப் போராடியதால் வந்தது.

ஆகவே தோழர்களே! ஒரு துண்டுக் காகிதமும் ஒரு பென்சிலும் போதும். இன்று முடிய வேண்டிய இரண்டு மூன்று காரியங்களை எழுதுங்கள், முடிந்ததை அடித்துவிடுங்கள். நியாயமான அளவு வேலை இதில் அடங்கும். அடங்காவிட்டால் காகிதத்தை மாற்றாதீர்கள், சுமத்துகிறவனைக் கேளுங்கள்.