இடது பக்கத்துக்கு யாருங்க பட்டா போட்டது?

லண்டன் பாதாள ரயில் எஸ்கலேட்டர்ல வலது பக்கம் நிக்கணும், இடது பக்கம் நடக்கிறவங்களுக்கு. தப்பித்தவறி இடது பக்கம் நின்னுட்டா பின்னாடி இருந்து ஒரு "எக்ஸ்க்யூஸ் மீ" வரும். கேக்க மரியாதையாத்தான் இருக்கும். அர்த்தம் என்னவோ "வழியை விடுய்யா"தான்.

எனக்கு இதில் உடன்பாடே கிடையாதுங்க. சின்ன எஸ்கலேட்டர்னா சரி, நடந்துட்டுப் போங்க. ஹோல்போர்ன் ஸ்டேஷன்ல உயரம் 23 மீட்டருக்கு மேல. அதை நடந்து ஏற எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கு? இடது பக்கம் காத்து வாங்குது. வலது பக்கம் ஏற, கீழே கூட்டம் பிதுங்குது. அங்கேயே 2015-ல் மூணு வாரம் ரெண்டு பக்கமும் நிக்கச் சொல்லிப் பார்த்தாங்க. அதே மெஷின், அதே வேகம். ஆனா நெரிசல் நேரத்தில் கூடுதல் ஆட்கள் மேலே போனாங்க. 2016-லும் சோதனை நடந்துச்சு. கடைசியில் ஜெயிச்சது என்னவோ பழைய பழக்கம்தான்!

நம்ம பொட்டி தட்டுற பாஷையில் சொன்னா, நாலு பேரோட லேட்டன்சிக்காக மொத்த த்ரூபுட்டையும் காவு கொடுக்கிறோம்.

அதை விடுங்க. வலது கை விளங்காத ஒருத்தர் இடது கைப்பிடியைத்தானே பிடிச்சாகணும்? அவரையும் "எக்ஸ்க்யூஸ் மீ"ன்னு விரட்டுவீங்களா? ஜப்பானில் சைதாமா மாகாணம் 2021-லேயே 'நின்னுதான் போகணும்'னு விதி போட்டுடுச்சு. 2023-ல் நகோயாவும் போட்டாச்சு. அபராதம் கிடையாது, ஆனா விதி விதிதான்.

அவசரமா? அஞ்சு நிமிஷம் முன்னாடி வீட்டை விட்டுக் கிளம்புங்க சாமி. எஸ்கலேட்டர் தானாவே ஏறும், அதுக்குத்தான் அதை வெச்சிருக்காங்க!