நாடகத்துக்கு உயிர் எது?

நாடகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவன படுதாக்களும், ஜரிகை உடுப்புகளும், வர்ண விளக்குகளுமே. இவை வேண்டியவையே, ஆயினும் இவை நாடகமாகா. கதை, பாத்திரம், கருத்து, சொல், இசை, காட்சி என ஆறு உறுப்புக்களை வகுத்த கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில், காட்சி ஜோடனையைக் கலைத்திறத்தோடு மிகக் குறைந்த தொடர்புடையதென்று ஒதுக்கினார். நமது பரத முனிவரோ அபிநயத்தை ஆங்கிகம், வாசிகம், ஆஹார்யம், சாத்துவிகம் என நான்காகப் பகுத்தார். வேஷமும் ஒப்பனையும் அந்நான்கில் ஒன்று மாத்திரமே. படுதாவை அகற்றினாலும் கூத்து நடக்கும். எதிரே இருக்கும் ஜனங்களை அகற்றினால் ஒத்திகைதான் மிஞ்சும். உயிருள்ள நடிகனும் உயிருள்ள சபையும் ஒரே இடத்தில், ஒரே பொழுதில், முகத்துக்கு முகம் எதிர்ப்படுவதே நாடகம். ஆளுவோர் அதனைக் கண்டு அஞ்சுவதும் இதனாலேயே.

நாடகம் பிறந்த கதையைப் பாருங்கள். வேதம் கேட்கும் உரிமையற்றவர்க்கும் உரியதாய், கண்ணாற் காணவும் செவியாற் கேட்கவும் தக்கதாய் ஒன்று வேண்டுமென்று தேவர்கள் கேட்க, பிரமதேவர் நான்கு வேதங்களினின்றும் சாரமெடுத்து ஐந்தாவதொன்றைச் செய்தார் என்கிறது நாட்டிய சாஸ்திரம். இந்திரனது கொடி விழாவில் முதல் நாடகம் அரங்கேறியது. பொருளோ அசுரரின் தோல்வி. பார்த்திருந்த அசுரர் சும்மா இருப்பார்களா? நடிகரின் பேச்சையும் அசைவையும் நினைவையும் கட்டிப்போட்டார்கள். இந்திரன் கொடித்தண்டால் அவர்களை அடித்து விரட்டினான். பிறகு விசுவகர்மா நாடகசாலை கட்டினான். பிரமதேவர் அசுரரை அழைத்து, இது தேவர்களுக்கு மாத்திரம் உரியதன்று, மூவுலகத்தாரின் நிலையையும் காட்டுவது என்று சமாதானம் கூறினார். மனம் புண்பட்டவர்கள் முறையிட்டும் நாடகத்தை நிறுத்தச் சொல்லவில்லை என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

கிரேக்க தேசத்திலும் நாடகம் டயோனிசஸ் என்னும் தெய்வத்தின் திருவிழாவிலேதான் வளர்ந்தது. கி.மு. 494-ல் மிலேட்டஸ் நகரம் பாரசீகர் கையில் விழுந்த துயரத்தைப் பிரினிக்கஸ் என்ற கவி ஆதென்ஸில் நாடகமாக நடத்தினான். கொட்டகை முழுவதும் கண்ணீர் விட்டது. ஆதென்ஸ் மக்கள் அவனுக்கு விதித்தது ஆயிரம் திராக்மா அபராதம். அந்நாடகத்தை இனி எவரும் நடத்தலாகாதென்றும் கட்டளையிட்டார்கள். ஜனநாயகத்தின் தாயகமென்று புகழப்படும் நகரம் செய்த காரியம் இது!

நமது தேசத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் கொண்டு வந்த 1876-ஆம் வருஷத்து நாடகச் சட்டத்தை யார் மறக்க முடியும்? அவுரித் தோட்டக்காரரின் கொடுமையைக் காட்டிய ‘நீல் தர்ப்பண்’ 1872-ல் கல்கத்தாவில் மேடையேறியது. பின்னர் வேல்ஸ் இளவரசரின் வரவேற்பைப் பரிகசித்த ஒரு பிரகசனம் நடந்தது. உடனே பிறந்தது சட்டம். அவர்கள் அறியாதது ஒன்றுண்டு: ராஜத்துரோகம் ஏட்டில் இருக்க வேண்டியதில்லை. நடிகர் விசுவநாததாஸ் ஆடியது புராண நாடகம்; வேஷம் முருகன். வள்ளியின் தினைப்புனத்தில் கொக்கைப் பற்றிப் பாடினால், அந்த வெள்ளைக் கொக்கு யாரென்பது சபையிலிருந்த பாமரனுக்கும் தெரியும். நாடகப் பிரதியைப் பரிசோதிக்கும் அதிகாரி அதில் என்ன கண்டுபிடிப்பார்? அவ்வர்த்தம் நடிகனுக்கும் சபைக்கும் இடையே அன்றிரவு பிறந்ததல்லவா! பன்முறை சிறை சென்ற அவர், 1940-ல் சென்னையில் முருக வேஷத்தோடு மேடையிலேயே உயிர் நீத்தார்.

அந்நியர் போனபின் நம்மவர் செய்தது என்ன? 1954-ல் சென்னை ராஜ்யம் தனக்கென்றே ஒரு நாடகச் சட்டம் இயற்றிக்கொண்டது. அதன் முக்கிய ஷரத்துக்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் தள்ளுபடி செய்தது. 1876-ஆம் வருஷத்துச் சட்டமோ, சுதந்திரம் வந்து எழுபது ஆண்டு கழிந்து 2018-லேதான் ரத்தாயிற்று. வெட்கப்பட வேண்டிய கணக்கு இது.

சட்டம் போனாலும் இடம் கிடைக்க வேண்டுமே. எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று அரங்குக்கு அளவு சொல்லி, தூணின் நிழல் விழாதபடி விளக்கு வைக்கவும் கற்பித்தது சிலப்பதிகாரம். இன்று நகரசபைகள் கட்டும் மண்டபங்கள் கல்யாணத்துக்கு உதவுகின்றன. நாடகத்துக்கு உதவுமா என்று கேட்பாரில்லை. வாடகையைக் குறைத்து, மாதத்தில் சில நாட்களை நாடகக்காரர்களுக்கு ஒதுக்குவது நகரசபைகளின் கடமையென்பது நமது அபிப்பிராயம்.

இன்னொன்று: இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்ற 2000-ஆம் வருஷத்து விதி. நோயாளியும் குழந்தையும் உறங்க வேண்டும், நியாயந்தான். ஆனால் பட்டணத்து வீதிக்கும், திரௌபதி அம்மன் விழாவில் ஊரே விழித்திருக்கும் கிராமத்துத் திடலுக்கும் ஒரே அளவுகோலா? வருஷத்தில் பதினைந்து நாள் வரை, நள்ளிரவு மட்டும், சர்க்கார் அதைத் தளர்த்தலாமாம். பாரதக் கூத்து விடியுமுன் முடிவதில்லை.