தனக்கு மிஞ்சித்தானா தானம்?

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்று சொல்லாத பெரியவர் நம் ஊரில் இல்லை. வீட்டுக் கணக்குக்கு அது சரியாக இருக்கலாம். ஸகாத்துக்கும் நிஸாப் என்றொரு எல்லை உண்டு; அதற்குக் கீழே உள்ளவர் மீது கடமை இல்லை. ஆனால் ஓர் அரசாங்கம், "எங்கள் மக்களுக்கே கஷ்டம், பிற நாட்டுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்கும்போது நாமும் அந்தப் பழமொழியைச் சொல்லித் தலையாட்டலாமா? நானாட்டானில் இருந்துகொண்டு அப்படித் தலையாட்ட என்னால் முடியவில்லை.

2025 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் மிதிவெடி அகற்றும் பணிக்கான பணமும் அகப்பட்டுக்கொண்டது. அடுத்த மாதமே பிரித்தானியப் பிரதமர், தம் நாட்டின் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027இல் 0.3 ஆகக் குறைப்பதாக அறிவித்தார். பாதுகாப்புச் செலவை உயர்த்த வேண்டுமாம். நூறு பவுண் சம்பாதிக்கும் நாடு முப்பது பென்ஸ் கொடுக்கப் போகிறது.

இதெல்லாம் உயர்தரப் பொருளியல் வினாத்தாளில் வரும் சங்கதி மட்டுமல்ல. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருபது வருடம் கிடந்த நம் சனங்கள், யுத்தம் முடிந்து முசலிப் பக்கம் திரும்பியபோது, கிணறு இருக்கிறதா, கூரை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் காணிக்குள் கால் வைக்கலாமா என்றுதான் கேட்க வேண்டியிருந்தது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை நின்றால் அது உங்கள் உறுதிக் காணியாக இருந்தாலும் உங்கள் காணி இல்லை. அந்தப் பலகைகளைப் பிடுங்கியவர்கள் இராணுவத்தினரும், மெக், ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களில் வேலை செய்த நம் மாகாணத்து ஆண்களும் பெண்களும். பெண்களில் பலர் யுத்தத்தில் கணவனை இழந்து, குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள். கொளுத்தும் வெயிலில் தடித்த அங்கியும் முகமூடியும் அணிந்து, முழங்காலில் இருந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறிப் பார்க்கும் வேலை அது. இராணுவம் புதைத்ததும் இருக்கும், புலிகள் செய்த ஜொனியும் இருக்கும். புதைக்க ஒரு நிமிடம் போதும், எடுக்கத்தான் வருடக்கணக்கு. அந்தக் கூலியில் பெரும்பங்கு அமெரிக்கா, பிரித்தானியா, ஜப்பான் போன்ற நாடுகளின் வரிப்பணத்திலிருந்து வந்தது.

மிதிவெடித் தடைச் சமவாயத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் 1க்குள் முழு நாட்டையும் துப்புரவாக்க வேண்டும். வேலை முடியும் தறுவாயில் கைவிடுவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை. பயிற்சி பெற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஐந்து வருடம் கழித்துப் புதியவர்களைப் பழக்குவதற்கு இரட்டைச் செலவாகும். சிக்கனம் என்ற பெயரில் செய்தாலும் கணக்குத் தெரிந்தவர் யாரும் அதைச் சிக்கனம் என்று சொல்லமாட்டார்.

"அவர்கள் நாட்டிலும் ஏழைகள் இருக்கிறார்களே" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் உதவியை வெட்டினால் அந்தப் பணம் அங்குள்ள ஏழையின் அடுப்புக்கா போகிறது? பிரித்தானியாவில் அது ஆயுதத்துக்குப் போகிறது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

கஷ்டத்திலும் கொடுத்தவர்கள் இல்லையா? 2021 ஓகஸ்டில் தமிழ்நாட்டு நிதியமைச்சர் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அந்த மாநிலத்தின் கடன் சுமார் 5.7 இலட்சம் கோடி இந்திய ரூபா என்றது. எட்டே மாதத்தில், 2022 ஏப்ரல் 29இல், அதே மாநிலச் சட்டமன்றம் இலங்கைக்கு 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் 137 வகை மருந்துகளும் அனுப்பத் தீர்மானித்தது. பெறுமதி 123 கோடி. அந்தக் கடனில் நாலாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. முதலில் இலங்கைத் தமிழருக்கு என்று எழுந்த பேச்சு, பிறகு எல்லா இலங்கையருக்கும் என்று மாறியது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பசிக்கு இனம் பார்க்காத உதவியே உதவி. டித்வா புயலின்போதும், தன் கடனுக்கே தவிக்கும் மாலைதீவு நமக்கு டின்மீன் அனுப்பியது.

நாமும் கொடுத்திருக்கிறோம். 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த இலங்கை, 2024இல் காஸா சிறுவர் நிதியத்தை ஆரம்பித்தது. அரச நிறுவனங்கள் இஃப்தார் வைபவங்களுக்கு ஒதுக்கிய பணத்தை அதற்குத் தருமாறு கேட்கப்பட்டது. ஏப்ரல் முதலாம் திகதி, பலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனத்துக்கு என்று பத்து இலட்சம் டொலர் கையளிக்கப்பட்டது. "நம் பிள்ளைகளே பட்டினி, காஸாவுக்குக் காசா?" என்று பலர் முணுமுணுத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 30 கோடி ரூபா. ஆளுக்குப் பதினான்கு ரூபா. ஒரு பிளேன்டீக்கும் காணாது. செங்கடலுக்குக் கடற்படைக் கப்பல் அனுப்ப இரண்டு வாரத்துக்கு 25 கோடி ஆகும் என்று அதே ஜனாதிபதிதான் அந்த ஜனவரியில் சொன்னார். அதற்கு இவ்வளவு முணுமுணுப்பு எழவில்லை. ஒரு கையால் காஸாவுக்குக் கொடுத்துக்கொண்டு மறுகையால் இஸ்ரேலின் தோட்டங்களுக்கு நம் இளைஞர்களை வேலைக்கு அனுப்பியதும் அதே அரசாங்கம்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்காக அந்தப் பணத்தைக் கொடுத்தது பிழையாகிவிடாது.

வெளிநாட்டு உதவியில் குறையே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. ஒரு கிராமத்துக்கு மூன்று பெயர்ப்பலகை, ஒரு தையல் இயந்திரத்துக்குப் பத்துப் புகைப்படம் என்று நாமும் பார்த்திருக்கிறோம். குறையைத் திருத்தக் கேட்பது வேறு, குழாயையே மூடுவது வேறு.

பிரித்தானியாவில் 2021 ஜூலை 13இல் 0.7 சதவீதத்தை 0.5 ஆகக் குறைத்த வாக்கெடுப்பில் 333 பேர் ஆதரித்தார்கள், 298 பேர் எதிர்த்தார்கள். முன்னாள் பிரதமர் தெரேசா மேயும் தம் கட்சிக்கு எதிராக வாக்களித்தார். வெறும் 35 வாக்கு வித்தியாசம். அங்குள்ள உறுப்பினர் தம் தொகுதி மக்கள் எழுதும் கடிதத்தை எண்ணிப் பார்ப்பவர். லண்டனில் வாக்குரிமையோடு இருக்கும் உறவினர் நம்மிடம் குறைவு. ஆனால் வங்காலை, முருங்கன், நானாட்டான் தமிழ்க் குடும்பங்களில் நிறையவே உண்டு. மச்சாளுக்கும் சித்தப்பாவுக்கும் வட்ஸ்அப்பில் சேலைப் படமும் பிறந்தநாள் வாழ்த்தும் அனுப்பும் அந்த வீட்டுத் தோழிகளிடம், உங்கள் தொகுதி உறுப்பினருக்கு மன்னார் மிதிவெடிகளைப் பற்றி ஒரு கடிதம் எழுதுங்கள் என்று சேர்த்து அனுப்பச் சொல்லலாம். நம் கல்லூரித் தமிழ் மன்றம், கொழும்பிலுள்ள பிரித்தானிய உயர்ஸ்தானிகருக்கு இந்தத் தவணையிலேயே ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று முன்மொழிகிறேன். வரைவு என்னிடம் இருக்கிறது. கையெழுத்துப் போட விரும்பும் தோழிகள் இடைவேளையில் வாசிகசாலைக்கு வரலாம்.