மூலத்தில் இல்லையே!

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., வேதியியல்)

நாவலைப் படித்துவிட்டு அதன் திரைப்படத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர், விடைத்தாள் திருத்துகிற மனநிலையோடுதான் போய் உட்காருகிறார்கள். அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தது. அப்போது தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் என் காதில் விழுந்த விமர்சனங்களில் பாதி, "மணிமேகலை எங்கே? அவளை ஏன் விட்டார்கள்?" என்கிற ரகந்தான். ஐந்து பாக நாவலை ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல வேண்டியவர் எதையாவது விட்டுத்தானே ஆக வேண்டும்? விட்டதால் படம் மெலிந்ததா என்று கேட்டால் அது விமர்சனம். விட்டதே குற்றம் என்றால் அது வெறும் கணக்கெடுப்பு.

பார்க்கிறவரோடு இந்தக் கணக்கெடுப்பு நின்றுவிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது எழுத வருகிறவனின் மனத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது. "இவ்வளவு பெரிய எழுத்தாளரின் படைப்பில் கை வைக்க நான் யார்?" என்ற ஐயமாக அது வளர்ந்து, பேனாவை மூடி வைக்கச் செய்கிறது. மாணவ நண்பர்களே, இந்த ஐயத்தைப் பற்றிப் பேசுவதற்கு இயக்குநர் மகேந்திரனின் கதையை விடப் பொருத்தமான ஒன்று நமக்குக் கிடைக்காது.

மகேந்திரன் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கு வந்திருந்த எம்.ஜி.ஆரின் முன்னிலையிலேயே, நமது திரைப்படங்கள் வாழ்க்கையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று துணிந்து பேசினார். எம்.ஜி.ஆர். சினம் கொள்ளவில்லை, பாராட்டினார். பின்னர் சட்டம் படிக்கச் சென்னைக்கு வந்த மகேந்திரன், பணமின்மையால் படிப்பைத் தொடர முடியாமல் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தார். அப்போது அவரை மறுபடியும் சந்தித்த எம்.ஜி.ஆர். கொடுத்த வேலை என்ன தெரியுமா? 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை! இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர் ஒருவரின் தோளில் அத்தனை பெரிய நாவல்! அவர் எழுதிக் கொடுத்தார். படம் மட்டும் வரவில்லை.

அதன்பின் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. கல்லூரி மேடையில் தாம் குறை கூறிய அதே வகைப் படங்களுக்கு அவர் கதையும் வசனமும் எழுத வேண்டியதாயிற்று. சிவாஜி கணேசன் நடித்து 1974இல் வெளிவந்த 'தங்கப்பதக்க'த்தின் வசனங்கள் அவருடையவை. கொட்டகையில் கைதட்டல் பெற்ற வசனங்கள் அவை. ஆனால் தாம் இத்துறைக்கு விருப்பமில்லாமல் வந்தவர் என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். புகழ் வந்த பிறகும் தம் எழுத்தின் மீதே ஒருவருக்கு நிறைவில்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேதனை! அந்த வேதனை வீண் போகவில்லை என்பது என் கட்சி. 1978இல் உமாசந்திரனின் நாவலைக் கொண்டு 'முள்ளும் மலரும்' எடுத்தபோது, வசனத்தால் பெயர் வாங்கிய அதே மனிதர் வசனத்தைக் குறைத்துவிட்டார். காளி பேசாமல் நிற்கிற இடங்களில்தான் அந்தப் படம் நம்மை அதிகம் தொடுகிறது. தம் கைத்திறனை ஐயுறாத ஒருவரால் அந்த மௌனத்தை எழுதியிருக்க முடியுமா?

அடுத்த ஆண்டு, 1979இல், 'உதிரிப்பூக்கள்' வந்தது. மூலம், புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' என்ற குறுநாவல். (புதுமைப்பித்தனும் சினிமாவுக்கு எழுத வந்தவர்தாம். 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனா சென்றவர் காசநோயோடு திரும்பி, 1948இல் தமது 42ஆம் வயதில் மறைந்தார். அவர் கதையிலிருந்து இப்படி ஒரு படம் பிறக்க மேலும் 31 ஆண்டுகள் ஆயின.) 'சிற்றன்னை' நடப்பது படித்த பேராசிரியர் ஒருவரின் வீட்டில். படமோ ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் நடக்கிறது. சுந்தரவடிவேலு என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது, ஆள் வேறு. மனைவியையும் ஊரையும் வதைக்கிற அந்த மனிதரை இறுதியில் ஊரே கூடி ஆற்றில் இறங்கச் செய்கிறது. கரையில் அவருடைய குழந்தைகள் நிற்கிறார்கள். 'சிற்றன்னை'யில் இப்படியொரு முடிவு கிடையாது. விடைத்தாள் திருத்துகிறவர் சிவப்பு மையால் அடித்துத் தள்ளியிருப்பார். ஆனால் தாயை இழந்த பிள்ளைகளின் முகம் இருக்கிறதே, கதையைப் படிக்கும்போது நெஞ்சை அடைக்கிற அந்த ஒன்று, அது படத்தில் சிந்தாமல் சிதறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. இவ்வளவு மாற்றிய பிறகும் படத்தில் புதுமைப்பித்தனின் பெயரை மகேந்திரன் போட்டார். வாங்கிய கடனை அவர் மறைக்கவில்லை.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். "நான் புதுமைப்பித்தனுக்கு இணையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் "இல்லை" என்ற விடைதான் எப்போதும் வரும், அந்த விடையை வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுத முடியாது. "இந்தக் கதையில் என்னைப் பிடித்து உலுக்கியது எது?" என்று கேட்டால் விடையும் வரும், வேலையும் நடக்கும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. ஓரங்க நாடகப் போட்டி ஒன்றுக்காக நானும் 'சிற்றன்னை'யை எடுத்தேன். பேராசிரியர் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான்தான். எனக்குத் தெரிந்தது அனகாபுத்தூர் நெசவாளர் வீடு. தறிக்குழியில் அப்பா, தார் சுற்றுகிற அம்மா, ராட்டையின் பக்கத்திலேயே தூங்கிப்போகிற பிள்ளை. ஒரு காலத்தில் நைஜீரியா வரைக்கும் துணி அனுப்பிய ஊர் அது. புதிதாக வந்த சிற்றன்னை, இறந்துபோனவள் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து தார் சுற்ற வேண்டும். இழை அறுந்தால் பிள்ளைகள் அவளையே பார்க்கிறார்கள். இதுதான் என் முதல் காட்சி. நடுவர் ஒருவர் "மூலத்தில் நெசவாளர் இல்லையே!" என்றார். "மூலத்துக்கு உண்மையாக இருத்தல்" என்பதற்கு ஐம்பதில் பதினைந்து மதிப்பெண். எனக்குக் கிடைத்தது இரண்டு. மதிப்பெண் போனது பெரிதில்லை. அதன்பின் நான்கு மாதம் என்னால் எதையும் எழுத முடியவில்லை. தி. ஜானகிராமன் கதையொன்றை எடுத்திருந்த என் நண்பனோ, பாதியிலேயே கிழித்துப் போட்டுவிட்டான். இன்றுவரை அவன் வேறெதையும் தொடவில்லை.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். ஜெயகாந்தனைக் காட்டுவார்கள். நியாயமான கேள்விதான். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1977இல் பீம்சிங் இயக்கத்தில் படமானபோது, திரைக்கதையும் வசனமும் ஜெயகாந்தனே எழுதினார். படம் நாவலை ஒட்டியே நடந்தது. லட்சுமிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஒட்டி எடுத்தாலும் நல்ல படம் வரும் என்பதை நான் மறுக்கவில்லை. அது எழுதியவரே தம் வீட்டுக்குள் நடமாடுவது போன்றது. வெளியிலிருந்து வருகிற நாம் அந்த வீட்டில் எங்கே நிற்கிறோம் என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எதையும் மாற்றாமல் பாத்திரங்களையும் வசனங்களையும் வரிசையாக ஒப்பிக்கிற நாடகங்கள் எத்தனை பார்த்தோம்! அவற்றில் மூலம் முழுதும் இருக்கிறது, உயிர்தான் இல்லை.

ஆகவே போட்டி நடத்துகிற பெரியவர்களிடம் என் விண்ணப்பம் இது. அடுத்த ஆண்டு அந்தப் பதினைந்து மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, நாடகம் முடிந்ததும் எழுதிய மாணவரை மேடைக்கு அழைத்து, மூலத்தில் எதை எடுத்தாய், எதை விட்டாய், ஏன் விட்டாய் என்று கேளுங்கள். விடை தெரியாமல் அவர் விழித்தால் தாராளமாகக் குறையுங்கள். மூல ஆசிரியரின் பெயரைச் சொல்லாமல் விட்டால் முழுவதையும் குறையுங்கள். என் நண்பனிடமும் சொல்லியிருக்கிறேன். கிழித்த தாள்களில் நான்கை நான் எடுத்து வைத்திருக்கிறேன், பத்திரமாக இருக்கின்றன.