பெண்களுக்கு மைதானம் எங்கே?

ஸ்ரீமதி அனிதா பால்துரையின் பெயரை நம் வாசகர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? எந்தக் கிரிக்கெட் ஆட்டக்காரர் எந்த ஊரில் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று தேநீர்க் கடை வாசலில் நின்று கணக்குச் சொல்லக் கூடியவர்கள் மதுரையில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் பாரத தேசத்தின் பெண்கள் கூடைப்பந்துக் குழுவில் 18 வருஷ காலம் ஆடி, அவற்றில் எட்டு வருஷம் தலைமை தாங்கிய தமிழ்ப் பெண் யார் என்று கேட்டால், விடை சொல்வோர் சிலரே. 2021-ம் வருஷம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அன்று பத்திரிகைகள் பாராட்டின, நாமும் மகிழ்ந்தோம். பாராட்டு முடிந்ததும் காரியமும் முடிந்ததாக எண்ணிவிட்டோம். அது சரியா என்பதே இன்று நாம் கேட்கும் கேள்வி.

1985-ல் சென்னையில் பிறந்த அனிதா, பதினோராவது வயதில் கூடைப்பந்தைக் கையில் எடுத்தார். பத்தொன்பதாவது வயதில் இந்தியக் குழுவின் தலைவியானார். அதுவரை அவ்வளவு இளம் வயதில் அப்பொறுப்பை ஏற்றவர் வேறெவரும் இல்லை. 2001 முதல் 2017 வரை நடந்த ஆசியப் போட்டிகளில் ஒன்பது முறை தொடர்ந்து நாட்டுக்காக ஆடினார். தேசியப் போட்டிகளில் அவர் பெற்ற பதக்கங்கள் 30. இத்தனைக்கும் நடுவே அவர் தென்னக ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர் என்பதை மறந்துவிடலாகாது.

இந்த உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடுவதே ஒரு தொழில். அங்கே பெண்களுக்கென்று 1997 முதல் சம்பளத்துடன் கூடிய போட்டித் தொடர் நடந்து வருகிறது. அனிதா ஆடிய காலத்தில் நம் நாட்டுப் பெண்களுக்கு அப்படி நிலைத்து நின்ற தொடர் எதுவும் இருந்ததில்லை. ரயில்வேயும், வங்கிகளும், மின்சார வாரியம் போன்ற ஸ்தாபனங்களும் தங்கள் குழுக்களுக்காக ஆட்டக்காரர்களை வேலைக்கு அமர்த்தின. அந்த மாதச் சம்பளமே அவர்களைக் காப்பாற்றியது. ஆகவே ஓர் ஏழைப் பெண் பந்தைத் தொடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது அவளுடைய திறமை மட்டுமல்ல; ‘இதனால் நாளை சோறு கிடைக்குமா?’ என்று அவள் வீட்டார் கேட்கும் கேள்வியுந்தான். அந்தக் கேள்வியை அற்பமென்று தள்ள நமக்கு உரிமையில்லை.

அனிதாவின் வாழ்க்கையில் நாம் மிகவும் போற்றுவது, அவர் தாயான பின் மைதானத்துக்குத் திரும்பியதைத்தான். குழந்தை பெற்றதோடு ஒரு பெண்ணின் ஆட்டம் முடிந்தது என்று நம் ஜனங்கள் எண்ணுவது வழக்கம். அவரோ குழந்தையைப் பெற்று, உடலை மீண்டும் பழக்கி, 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவுப் போட்டியில் ஆடினார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-க்கு 73 என்று இரண்டே புள்ளி வித்தியாசத்தில் வென்று, இந்தியா முதற் பிரிவுக்கு உயர்ந்தது. அதன் பிறகே அவர் ஓய்வு பெற்றார். பெற்றதும் வீட்டில் அமர்ந்துவிடாமல், இளம் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கும் வேலையை ஏற்றார். தேச சேவை என்பதற்கு இதைவிட வேறு என்ன பொருள்?

‘அவர் சென்னைக்காரர், மதுரைக்கு இதில் என்ன?’ என்று ஒருவர் கேட்கலாம். நாம் சொல்ல வந்தது அதுவேதான். சென்னையில் பிறக்கும் பெண்களுக்குப் பிரமன் தனியான கைகால்களைப் படைத்து அனுப்பவில்லை. அங்கே 1920-லேயே ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி தோன்றியது. ஆடுகளங்கள் உண்டு, பயிற்சியாளர்கள் உண்டு, ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுக்கும் ரயில்வேயும் வங்கிகளும் உண்டு. இவை ஓரிடத்தில் சேர்ந்திருந்ததால் அங்கே ஓர் அனிதா உருவாக முடிந்தது. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ அவருக்கு நிகரான பெண் பிறக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? பிறந்து, தன் திறமை இன்னதென்று தானே அறியாமல், அடுப்பங்கரையில் காலம் கழித்தவர்கள் எத்தனை பேரோ!

நம் மண்ணில் திறமை இல்லை என்பவருக்குச் சக்கிமங்கலம் பதில் சொல்லும். அந்த ஊரில், தாய் தந்தையை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியின் ஆதரவில் வளர்ந்த ரேவதி வீரமணி, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அவருக்கும் வேலை கொடுத்தது ரயில்வேதான். மதுரைக் கோட்டத்திலேயே கொடுத்தது. ஒரு பாட்டியின் பிடிவாதமும், ஒரு பயிற்சியாளரின் கண்ணும், ஓர் உத்தியோகமும் சேர்ந்ததால் அந்தப் பெண் உலகத்தின் முன் நின்றாள். இம்மூன்றும் அதிர்ஷ்டவசமாகச் சேரும் என்று காத்திருப்பது தேசத்தை ஆளும் முறையாகாது.

மதுரையில் விளையாட்டுக்கு ஒன்றுமே செய்யப்படவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அலங்காநல்லூருக்கு அருகே கீழக்கரையில் ஏறுதழுவுதலுக்கென 2024-ல் பெரிய அரங்கம் திறக்கப்பட்டது. 2025-ல் இளைஞர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி சென்னையோடு மதுரையிலும் நடந்தது. இவை நமக்குப் பெருமையே. ஆயினும் பெரிய அரங்கம் பெரும்பாலும் பார்ப்பவர்களுக்காக. சிறு ஆடுகளமே ஆடுகிறவர்களுக்காக. பல்லாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்க இடம் அமைத்த நாம், பத்துப் பெண்கள் எழுந்து ஆட இடம் அமைப்பதில் ஏன் தயங்குகிறோம்?

கூடைப்பந்து செலவு மிகுந்த ஆட்டமும் அல்ல. 1891 டிசம்பரில் அமெரிக்காவில் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பத்தடி உயரத்தில் இரண்டு பழக்கூடைகளை ஆணி அடித்து மாட்டி இதைத் தொடங்கி வைத்தார். மறு வருஷமே அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் மாணவிகளும் இதை ஆடினார்கள். ஆகையால் இது ஆண்களின் ஆட்டம் என்று சொல்வதற்கும் ஆதாரமில்லை. ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். நம் குடியானவர் கணக்கில் சொன்னால் சுமார் பத்தரை சென்ட். சுற்றிலும் ஓரம் விட்டாலும் 15 சென்ட் போதும். ஒரு நல்ல களத்துமேட்டின் இடம், சமமான சிமெண்டுத் தரை, இரண்டு கம்பங்கள், சில பந்துகள். இதைக் கூடச் செய்ய முடியாத ஏழைகளா நாம்?

ஆடுகளம் இருந்தால் மட்டும் போதாது. பெண்கள் அங்கே வரவும் வேண்டும். பையன்கள் மாலை முழுவதும் மைதானத்தைப் பிடித்துக்கொண்டால் பெண்கள் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்புவார்கள். ஆகவே பெண்களுக்கென ஒதுக்கிய நேரம், விளக்கு, உடை மாற்ற ஓர் அறை, கழிப்பிடம், பெண் பயிற்சியாளர் ஆகியவை அவசியம். அனிதாவைப் போல ஆடி ஓய்ந்த பெண்கள் இம்மாநிலத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தக்க ஊதியம் கொடுத்து வட்டாரந்தோறும் பயிற்சிக்கு அமர்த்தினால், அவர்கள் அனுபவம் வீணாகாது. மகளை அனுப்பும் பெற்றோருக்கும் அச்சம் நீங்கும். தாயான ஆட்டக்காரிகள் திரும்பி வருவதற்குரிய விடுப்பும் பயிற்சி வசதியும் உத்தியோக விதிகளிலேயே இடம்பெற வேண்டும். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கப்பட்டிருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பந்தையே கண்டிராத கிராமத்துப் பெண்ணுக்கு அந்த ஒதுக்கீட்டால் என்ன பயன்? வாசலைத் திறந்து வைத்தவர்கள், வாசல் வரை வழியும் போட வேண்டும்.

கடைசியாக நம் வாசகர்களுக்கே சொல்கிறோம். அரசாங்கத்தைக் குறை கூறுவது எளிது. உங்கள் ஊர்ப் பள்ளியில் உடற்பயிற்சி நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்க்கும்போது நீங்கள் வாய் திறந்ததுண்டா? வயது வந்த மகள் ஓடினால் ஊர் சிரிக்கும் என்று தடுத்தது யார்? சுதந்தர தினத்தில் கிராம சபை கூடும்போது, பெண்களுக்கு 15 சென்ட் ஆடுகளம் வேண்டுமென்று ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். மேடையில் பெண் உரிமை பேசும் தொண்டர்கள் அத்தீர்மானம் காகிதத்தோடு நின்றுவிடாமல் பின்தொடரட்டும்.

அனிதாவுக்கு விருது கொடுத்துவிட்டோம். அவர் தேசத்துக்குக் கொடுத்த பதினெட்டு வருஷங்களுக்கு அது ஈடாகாது. மதுரைச் சீமையில் ஒரு பெண் குழந்தை அவரைப் போலப் பதினோராவது வயதில் பந்தைக் கையில் எடுத்து, ‘நான் எங்கே ஆடுவது?’ என்று கேட்கும்போது, நாம் சுட்டிக் காட்ட ஓர் இடம் இருக்க வேண்டும். அதுவே அவருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.