கல்யாணப் பத்திரிகை உறையில் யார் பெயர்? 'குடும்பத்தினர்' என்ற சொல்லுக்குள் காணாமல் போகும் பெண்கள்

ரிஷிவந்தியம் பக்கம் ஒரு வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டால் அன்று ராத்திரியே வேலை தொடங்கிவிடும். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. அதை எடுத்து வைத்துவிட்டு, கூடத்தில் பாயை விரித்து உட்காருவார்கள். குழைத்த மஞ்சளை நாலு மூலையிலும் தடவ ஒருவர், உறையில் போட ஒருவர். கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளையின் கையில் பேனா. பெரியவர் ஒருவர் பழைய மொய் நோட்டைப் பார்த்துப் பெயர்களைப் படிப்பார், பிள்ளை எழுதிக்கொண்டே போகும். 'திரு. மாரிமுத்து குடும்பத்தினர்', 'திரு. ஏழுமலை குடும்பத்தினர்' என்று வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பெயரில் மட்டும் வாசிப்பு நிற்கும்.

"அவருதான் போய்ச் சேர்ந்துட்டாரே... இப்ப யாரு பேர எழுதுறது?"

வழக்கமாகக் கிடைக்கும் பதில், "மூத்த பையன் பேர எழுது". பையன் எட்டாம் வகுப்புதான் படிக்கிறான் என்றாலும் அவன் பெயருக்கு முன்னால் 'திரு' விழும். பையனே இல்லாத வீடாக இருந்தால் இறந்தவர் பெயரையே எழுதி, பக்கத்தில் 'குடும்பத்தினர்' என்று சேர்த்துவிடுவார்கள். அந்த வீட்டை நடத்துகிற பெண்ணின் பெயர் அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் உறையில் மட்டும் அது ஏறாது.

கணவர் உயிரோடு இருக்கும் வீட்டிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 'திரு. & திருமதி' என்று போட்டுவிட்டு அடுத்து எழுதுவது கணவரின் பெயரை மட்டும்தான். அதாவது திருமதி உண்டு, அவருக்குப் பெயர் கிடையாது. ரிஷிவந்தியத்தின் பெரிய கோயிலில் இருக்கும் சாமி அர்த்தநாரீஸ்வரர். தேன் அபிஷேகத்தின்போது லிங்கத்திலேயே அம்பாளின் உருவம் தெரியும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அந்தச் சந்நிதியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வரும் பத்திரிகைகளின் உறையில் பாதி ஆளைக் காணோம் என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

இது நம்மூர் வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் எமிலி போஸ்ட் 1922-ல் எழுதிய மரியாதை முறைகள் பற்றிய புகழ்பெற்ற புத்தகத்தின் காலத்திலும் மனைவியைக் கணவர் பெயரால் குறிப்பதுதான் அங்கே மரியாதை. இன்று அங்கேயே இருவர் பெயரையும் எழுதுவது சாதாரணமாகிவிட்டது. தமிழ்நாட்டிலும் உறை மாறியிருக்கிறது. ஸ்ரீமான், ஸ்ரீமதி எல்லாம் போய் திரு, திருமதி வந்தது. 1967-ல் அண்ணா ஆட்சி அரசு வழக்கிலேயே அதைக் கொண்டுவந்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டமும் மெல்ல மெல்ல உதிர்ந்தது (முழுதாக உதிர்ந்ததா என்றால், சில பத்திரிகைகளின் உள்பக்கத்தைப் பார்த்தாலே பதில் கிடைக்கும்). ஆக, "காலங்காலமா இப்படித்தான் எழுதுறோம்" என்ற வாதம் நிற்காது. காலங்காலமாக மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

அரசுக் காகிதம் சொல்வது என்ன?

2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-வது பிரிவு, ரேஷன் அட்டை வழங்குவதற்கு, 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணையே குடும்பத் தலைவராகக் கொள்ள வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாயைக் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் போடுகிறது. பேங்க் பாஸ்புக்கில் குடும்பத் தலைவியாக இருப்பவர், சொந்தக்காரர் வீட்டுப் பத்திரிகையில் மட்டும் 'குடும்பத்தினரில்' ஒருவராகச் சுருங்கிவிடுகிறார்.

இந்த மாவட்டத்தில் இதைப் பேச இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே வாரத்தில் ஒரு தெருவின் பல வீடுகளில் ஆண் துணை இல்லாமல் போனது. அந்த வீடுகளுக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் கல்யாணம் நடக்கும், பத்திரிகை எழுதப்படும். உறையில் யார் பெயரை எழுதுவது என்ற கேள்வியை அங்கே ஒரே இரவில் பல முறை கேட்க வேண்டியிருக்கும்.

கேட்க வேண்டியிருக்கும் என்பதுகூடப் பரவாயில்லை. பல இடங்களில் அந்தக் கேள்வியே எழாமல், கணவனை இழந்த பெண்ணின் பெயரை 'மங்கல காரியம்' என்று சொல்லித் தவிர்த்துவிடுகிறார்கள். பத்திரிகையின் உள்ளே பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று வரிசையாக அச்சாகும் பெயர்களிலும் தாலி இழந்த அத்தையோ பெரியம்மாவோ இடம்பெறுவது அரிது. கல்யாணத்துக்கு அரிசி புடைக்கவும், பாத்திரம் எண்ணவும், பந்தலில் ஓடியாடவும் அவர் வேண்டும். மஞ்சள் தடவிய காகிதத்தில் மட்டும் அவர் பெயர் ஆகாது. இதற்கு மரியாதை என்று பெயர் வைக்க முடியாது.

பெரியவர்கள் ஒரு நியாயமான சங்கடத்தைச் சொல்வார்கள். "ஊர்ல அஞ்சலைன்னு பத்துப் பேரு இருக்காங்க, எந்த அஞ்சலைன்னு தெரியணும் இல்ல?" உண்மைதான். கல்வராயன் மலைக் கிராமங்களில் ஒரே பெயர் நாலு வீட்டில் இருந்தால் அப்பா பெயரையோ வீட்டின் அடையாளத்தையோ சேர்க்காமல் வேலை நடக்காது. அதற்கு வழி இருக்கிறது. முதலில் அவர் பெயர், அதன் கீழே அடையாளம். 'திருமதி. அஞ்சலை, மாரிமுத்து வீடு' என்று எழுதினால் பத்திரிகை சரியான வாசலுக்குப் போய்ச் சேரும். இறந்தவர் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று எழுதி அனுப்புவதை அறவே விட்டுவிடலாம். கல்யாண மஞ்சளோடு வரும் உறையில் அந்தச் சொல்லைப் படிக்கிற வீட்டுக்கு எப்படி இருக்கும்?

தம்பதியாக இருந்தால் இருவர் பெயரும். அதே வீட்டில் மகனுக்குக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் என்றால் அவர்களுக்குத் தனிப் பத்திரிகை. ஒரே உறைக்குள் இரண்டு அடுப்பை அடக்கப் பார்த்தால் "எங்க வூட்டுக்குப் பத்திரிகையே வெக்கல" என்ற பேச்சு கட்டாயம் வரும்.

பதில் உறை நம்மிடமும் உண்டு

வெளிநாட்டுக் கல்யாணங்களில் அழைப்போடு ஸ்டாம்ப் ஒட்டிய இன்னொரு சின்ன உறையும் வரும். வருகிறோமா, எத்தனை பேர் என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். இங்கே அப்படி ஒன்று இல்லை. 'சுற்றமும் நட்பும் சூழ வருக' என்று அச்சடித்துவிட்டு எத்தனை பேர் என்று கேட்க முடியுமா? வெற்றிலை பாக்கோடு நீட்டிய தட்டில் இருந்து பத்திரிகையைக் கையில் வாங்கினாலே வருவதாக அர்த்தம்.

உண்மையான பதில் உறை கல்யாணத்தன்றுதான் வரும். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய் கவர்! அதன் மேல் எழுதும் பெயர்தான் மொய் நோட்டில் ஏறுகிறது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் அடுத்த கல்யாணத்துக்கு உறை எழுதுகிறார்கள். சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். நூறு நாள் வேலைக்கூலியிலும் பால் காசிலும் ஒரு பெண் சேர்த்துவைத்த 500 ரூபாய், கவரில் கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ போகிறது. மொய் என்பது திரும்பி வர வேண்டிய பணம். நாளைக்கு அந்தக் கணவர் இல்லாமல் போனால், கொடுத்தது தான்தான் என்று சொல்ல அந்தப் பெண்ணிடம் எழுத்தில் ஒன்றும் இருக்காது. கவரில் தன் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுப்பது பெருமைக்காக அல்ல. அது ஒரு ரசீது.

முகவரி விஷயத்தில் அவ்வளவு சிக்கல் இல்லை. ரிஷிவந்தியத்துக்காரர்கள் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தார்கள், 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்தார்கள், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வந்துவிட்டார்கள். பழைய நோட்டைப் பார்த்து எழுதும்போது மாவட்டத்தை மாற்ற மறந்தாலும், அஞ்சலகப் பெயரும் பின்கோடும் சரியாக இருந்தால் பெரும்பாலும் தபால் வந்துவிடும். கவனிக்க வேண்டியது எடையை. கெட்டி அட்டையில் பிள்ளையார் சிலை பதித்த பத்திரிகைக்குச் சாதாரண ஸ்டாம்ப் போதாது. குறைகிற தொகையை இரண்டு மடங்காகக் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவரிடமே தபால்காரர் வசூலிப்பார். அழைக்கிற லட்சணமா அது?

வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்புவதையும் குறை சொல்லத் தேவையில்லை. ஆனால் அதில் உறையே கிடையாது, பெயரும் கிடையாது. குரூப்பில் போட்டுவிட்டு, 'இதையே நேரில் அழைத்ததாக ஏற்கவும்' என்றால் ஏற்காதவர்கள் மேல் தப்பில்லை. இரண்டு வரி தனியாக, "பெரியம்மா, நீங்க கண்டிப்பா வரணும்" என்று அவருடைய நம்பருக்கே அனுப்பினால் ஒரு நிமிஷம் ஆகும். மகன் நம்பருக்கு அனுப்பி "அம்மாகிட்ட சொல்லிடு" என்பது, உறையில் நடந்த அதே கதை போனுக்கு வந்தது போலத்தான்.

வரும் முகூர்த்தத்துக்கு எழுத உட்காருகிறவர்கள், மொய் நோட்டைத் திறக்கும்போதே ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அந்த வீட்டுப் பெண்ணின் பெயரையும் கேட்டு எழுதிவிடலாம். பெயர் தெரியாவிட்டால் பக்கத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருப்பவரைக் கேட்டால் போதும். எல்லார் பெயரும் அவருக்குத் தெரியும்.