நூல் நிலையம் யாருக்காகத் திறக்கிறது?

தோழர்களே! நீங்கள் நூலக வரி கட்டுகிறீர்கள். "எனக்கேது சொந்த வீடு?" என்பீர்கள். வீட்டுக்காரர் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி சேர்கிறது. அதைத் தன் மடியிலிருந்தா அவிழ்க்கிறார்? நாம் கொடுக்கும் வாடகையிலிருந்துதான்! 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் இந்த வரிக்கு வழி செய்தது.

காசு நம்முடையது. நேரம்? எங்கள் ஊர் நூல் நிலையம், பகல் ஷிப்டுக்காரர் மில்லுக்குள் நுழைந்த பிறகுதான் திறக்கிறது. நடவுக்குப் போன பெண்கள் கரையேறி, உலை வைத்து நிமிர்வதற்குள் பூட்டு விழுந்துவிடுகிறது. நூலகர்மேல் குற்றமில்லை, கூட்டுவதும் அவர்தான், புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் அவர்தான்.

1931-லேயே மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். எஸ்.ஆர். ரங்கநாதனின் யோசனை அது. வெள்ளைக்காரன் ஆட்சியில் புத்தகம் ஆளைத் தேடி நடந்தது. இன்று ஆள் தேடிப் போனாலும் கதவு சாத்தியிருக்கிறது!

உழைப்பாளிக்குப் படிப்பு எதற்கு என்று கேட்கும் புண்ணியவான்கள் உண்டு. கூலிக் கணக்கையும் பி.எஃப். சீட்டையும் அடுத்தவர் வாசிக்கக் கேட்டு ஏமாந்தது போதாதா? ஒற்றை அறை வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் நம் பிள்ளைக்கு அங்கே மேஜை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, தினசரிப் பத்திரிகை இருக்கிறது.

வசூலித்த நூலக வரியை நகராட்சி பாக்கியில்லாமல் செலுத்த வேண்டும். இன்னொரு ஊழியரை நியமித்து இரவு 9 மணி வரை திறக்க வேண்டும். மனு தயார். சம்பள நாளன்று மில் வாசலில் கையெழுத்து வாங்குகிறோம். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம்.